ஊர் என்ற கட்டம்

ஆபீசில் என் பட்டப்பெயர் 'சதவீதம்'. முதுகுக்குப் பின்னால் கிசுகிசுக்கிற பெயர் என்று நினைக்காதீர்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். சதவீதம் சாப்பிட்டாச்சா, சதவீதம் இன்னிக்கு லீவா என்று. எனக்கு அதில் ஒரு கோபமும் கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இலாகாவில் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தால், எந்த மூலையில் பூசி மெழுகியிருக்கிறார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவள் நான்தான். தற்பெருமை என்று தோன்றினால் தோன்றட்டும். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்வதில் எனக்கு என்ன வெட்கம்?

நாட்டை மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரிப்பதென்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. அதுவரை இரண்டும் ஒரே கொடியின் கீழ் இரண்டு மாகாணங்கள். எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்று தீர்மானிக்க ஒரு குழுவை அமைத்தார்கள். எந்த நகரத்தில் எந்தப் பக்கத்து ஆட்கள் அதிகமோ அந்த நகரம் அந்தப் பக்கத்துக்கு. அதற்கு ஆதாரம், கடைசியாக எடுத்த மக்கள்தொகைக் கணக்கு. கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. நடுவில் ரயில் சந்திப்பாக உட்கார்ந்திருந்த எங்கள் நகரத்துக்குத்தான் பெரிய இழுபறி. ரயில்வே பட்டறை, மொத்தச் சந்தை, நாலு திசைக்கும் தண்டவாளம். இரண்டு பக்கத்தாருக்கும் வாயில் எச்சில் ஊறியது.

எனக்குப் பட்டறையும் வேண்டாம், சந்தையும் வேண்டாம். எனக்கு என் அக்கா வேண்டும்.

அக்காவைக் கிழக்கே மரம் அறுத்து விற்கிற ஒரு மரவாடிக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்குக் கை நீளம். திருடுகிற நீளம் அல்ல, அடிக்கிற நீளம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சில வருஷம் இருந்து பார்த்தாள். பிறகு கட்டின புடவையோடு பஸ் ஏறி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்ற கண்ணால் என்னைப் பார்த்து, "பசிக்குதுடி" என்றாள். அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டு, பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். எங்கள் நகரத்தில் பாதிப் பிள்ளைகளின் நீல நிஜார் அவள் வெட்டியதுதான். மரவாடிக்காரர் விவாகரத்தும் தரவில்லை, அக்காவை விடவும் இல்லை. அவ்வப்போது யாரையாவது அனுப்பி, கோபம் தீர்ந்ததா என்று கேட்பார். அக்கா வந்தவருக்கு டீ கொடுத்து, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

அப்படி அனுப்ப முடிந்ததற்குக் காரணம் சட்டம். கிழக்கு மாகாணத்துச் சட்டப்படி, விட்டுவிட்டுப் போன மனைவியைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கணவன் மனுப் போட்டால், கோர்ட்டு போலீசை வைத்துக் கொண்டுபோய் விட்டுவிடும். மேற்கில் அப்படிக் கிடையாது. எங்கள் நகரம் இதுவரை மேற்குச் சட்டத்தின் கீழ் இருந்தது. நாளைக்கு அது கிழக்குக்குப் போனால், மறுநாளே மரவாடிக்காரர் ஜீப்போடு வந்து நிற்பார். அதனால்தான், குழுவின் முன் மேற்குக்காகக் கணக்கு சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றபோது, யாரும் கூப்பிடாமலே போய் நின்றேன்.

மேற்குக்காக வாதாடியவர் ஒரு பெரிய வக்கீல். சட்டப் புத்தகத்தையே தலையணையாக வைத்துத் தூங்குகிறவர். அவர் என் முன்னால் பட்டியலைத் தள்ளிவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் நகரத்தில் நூற்றுக்கு ஐம்பத்து நாலு பேர் கிழக்கத்தி ஆட்கள் என்று இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. விளக்கிச் சொன்னேன். கணக்கெடுப்புத் தாளில் 'நிரந்தரமாக வசிக்கும் ஊர்' என்று ஒரு கட்டம் போட வேண்டும் என்பதுதான் இலாகாவின் உத்தரவு. அச்சுக்கூடத்தில் கட்டம் சின்னதாகப் போய்விட்டது. அத்தனை எழுத்தும் அதில் அடங்கவில்லை. முதல் இரண்டு வார்த்தையையும் வெட்டிவிட்டு 'ஊர்' என்று மட்டும் அடித்துவிட்டார்கள். அர்த்தம் அதேதானே என்று மேலே இருந்தவர்களும் விட்டுவிட்டார்கள்.

அதே அர்த்தமா? நம் ஆட்களில் யாரையாவது நிறுத்தி 'உங்களுக்கு எந்த ஊர்' என்று கேட்டுப் பாருங்கள். குடியிருக்கிற தெருவை ஒருவரும் சொல்லமாட்டார்கள். தாத்தா விட்டுவிட்டு வந்த ஊரைச் சொல்வார்கள். அங்கே இவர்களுக்கு ஒரு செங்கல்கூட இருக்காது. கல்யாணமான பெண்ணைக் கேட்டால் இன்னும் விசேஷம். எங்க அம்மா வீட்டு ஊரா, அவங்க வீட்டு ஊரா என்று நம்மைத் திருப்பிக் கேட்பாள். கணக்கெடுக்க வந்தவருக்கு இன்னும் நாற்பது வீடு பாக்கி இருக்கும். உங்க ஊரைச் சொல்லுங்கம்மா என்று அவசரப்படுத்துவார். 'உங்க ஊர்' என்றதும் அவள் பிறந்த இடத்தைச் சொல்லிவிடுவாள். எங்கள் நகரத்து மருமகள்களில் முக்கால்வாசிப் பேர் கிழக்கிலிருந்து வந்தவர்கள். அந்த ஐம்பத்து நாலில் பத்தொன்பது பேர் இவர்கள்தான். கிழக்கத்தி ஆண்களைக் கட்டிக்கொண்ட மேற்கத்திப் பெண்கள் மூன்று பேர். பத்தொன்பதை இந்தப் பக்கம் எடுத்து, மூன்றை அந்தப் பக்கம் கொடுத்தால், மேற்குக்கு அறுபத்து இரண்டு.

வக்கீல் தலையிலிருந்து கையை எடுத்தார்.

எடுத்த வேகத்தில் நான் இன்னொன்றும் சொன்னேன். ஊர் என்ற பேச்சையே விட்டுவிடுவோம், யார் எங்கே குடியிருக்கிறார்களோ அதுதான் அவர்கள் இடம் என்று வாதாடுவோம் என்றேன். அவர் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். கிழக்கில் ஒரு துறைமுகம் இருக்கிறது. அங்கே பரம்பரையாகக் குடியிருக்கிறவர்களில் பெரும்பாலோர் மேற்கத்தி ஆட்கள், கணக்கெடுப்பிலும் மேற்கு ஊர்களைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்துத் துறைமுகத்தையும் கேட்கப் போகிறோம். குடியிருக்கிற இடம்தான் கணக்கு என்று இங்கே சொன்னால் அங்கே நம் வாயில் மண் என்றார். ஆக, ஆண்கள் சொன்ன ஊர் சொன்னபடியே இருக்க வேண்டும். பெண்கள் சொன்னது மட்டும் மாற வேண்டும். அதற்கு ஒரு காரணம் கண்டுபிடி என்று என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

காரணம் என் வீட்டு முன்னறையிலேயே கிடைத்தது. அக்காவிடம் ஒரு வாடிக்கைக்காரி வந்து நின்றாள். மகனுக்கு அளவு கொடுத்துவிட்டு, "நாளைக்கு ஊருக்குப் போறேங்க்கா. திங்கக்கிழமை வீட்டுக்கு வந்துடுவேன். அதுக்குள்ள முடிச்சுடுங்க" என்றாள்.

நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எச்சில் கையோடு ஓடிவந்து, இன்னொரு தடவை சொல்லுங்க என்றேன். அவள் பயந்துபோய் அக்காவைப் பார்த்தாள். அக்கா, அவளுக்கு அப்பப்போ இப்படித்தான், நீங்க சொல்லுங்க என்றாள்.

ஊருக்குப் போகிறேன், வீட்டுக்கு வருகிறேன். அவள் வாயிலேயே இருக்கிறது. பெண்களுக்கு ஊர் என்பது நாலு நாள் போய்த் தங்குகிற இடம். வீடுதான் வாழ்கிற இடம். எங்கள் இலாகா இவர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்று எண்ணவே இல்லை, லீவுக்கு எங்கே போகிறார்கள் என்று எண்ணி வைத்திருக்கிறது. எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

ஆபீஸ் பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு வார்டு வார்டாகப் போனேன். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: 'வீட்டுக்குப் போறேன்' என்று சொன்னால் அது எந்த வீடு? ஒருத்தி, அடுப்பு எங்க எரியுதோ அதுதான், இதைக் கேக்கவா சம்பளம் வாங்குறீங்க என்றாள். இன்னொருத்தி மாமியார் உள்ளே போகும்வரை காத்திருந்து, வீடு இதுதான், ஆனா சந்தோஷமா சொல்லலைன்னு சேர்த்து எழுதிக்கோங்க என்றாள். பட்டறைக் காலனியில் ஒரு பெண் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, எனக்கு வீடே கிடையாது, அப்படின்னு எழுத இடமிருக்கா என்று கேட்டாள். இடமில்லை. 'பதில் இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனோம். மற்றபடி, கிழக்கிலிருந்து வந்த மருமகள்களில் கிட்டத்தட்ட எல்லாருமே கணவன் வீட்டைத்தான் சொன்னார்கள்.

விசாரணைக்குப் போட்டுக்கொண்டு போக அக்கா எனக்கு ஒரு கறுப்புக் கோட்டு தைத்தாள். தோள்பட்டையில் ஊசி குத்திக்கொண்டே நான் எழுதியிருந்ததைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். முடித்ததும், "எனக்கு வீடும் இங்கேதான், ஊரும் இங்கேதான். எப்படி எண்ணினாலும் நான் உன் பக்கம்" என்று சிரித்தாள். அப்புறம் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஜெயிச்சிடுவே இல்ல?" என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்த பயத்தை நான் அதுவரை கேட்டதில்லை. நான் தோற்று நீ பார்த்திருக்கியா என்றேன். நிஜமாகவே நம்பித்தான் சொன்னேன்.

விசாரணை நகரசபைக் கூடத்தில் நடந்தது. கூரையில் மின்விசிறிகள் கடகடவென்று ஓடின, காற்று மட்டும் வரவில்லை. குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவர், எந்தப் பக்கத்தையும் சேராத ஓய்வுபெற்ற நீதிபதி, மெதுவாகப் பேசுகிற மனிதர். அக்கா கடையைச் சாத்திவிட்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் அவளுடைய வாடிக்கைக்காரிகள்.

சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு நான் பிரமாதமாகப் பேசினேன். சின்னக் கட்டத்தின் கதையைச் சொன்னதும் கூடமே சிரித்தது. ஊருக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னபோது தலைவரின் வாய்க்கோடி அசைந்ததை நானே பார்த்தேன். பின்வரிசையில் பெண்கள், ஆமா ஆமா என்று தலையாட்டினார்கள். என் வக்கீல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

பிறகு கிழக்கு வக்கீல் எழுந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பேசுகிறவர், குரலே எழாது. பட்டறை ஓரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் கிழக்கத்தித் தொழிலாளிகள் ஷிப்ட் முடிந்ததும் என்ன சொல்வார்கள், அவர்களும் வீட்டுக்குப் போகிறேன் என்றுதானே சொல்வார்கள் என்று கேட்டார். "ரூமுக்குப் போறேன்னு சொல்வாங்க" என்றேன். கூடம் மறுபடி சிரித்தது. அவரும் கூடவே சிரித்தார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும் என்று பின்னால் நிறையப் பேர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூக்கை உடைத்த திருப்தியில்தான் இருந்தேன்.

அடுத்ததாக அவர் குடும்பங்களைப் பற்றிக் கேட்டார். கிழக்கிலிருந்து வந்து, இங்கே சொந்த வீடு கட்டி, பிள்ளை குட்டியோடு இருக்கிறவர்கள் இதைத்தான் வீடு என்பார்கள். அம்மையாரின் கேள்வியைப் போட்டால் அவர்களும் மேற்காகிவிடுவார்கள் அல்லவா? ஆகட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார். என் வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கும் புரிந்துவிட்டது. நான் 'ஆம்' என்றால், துறைமுகத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிற எங்கள் ஆட்கள் எல்லாரும் அதே விதிப்படி கிழக்காகிவிடுவார்கள். 'இல்லை' என்றால், மருமகள்களின் வீட்டை மட்டும் எப்படி ஏற்பது? என் வக்கீல் கண்ணாலேயே கெஞ்சினார்.

எனக்கு வாய் எப்போதும் கைகொடுக்கும். அன்றைக்கும் கொடுத்தது.

"அவங்க பிழைக்க வந்தவங்க. இவங்க வாழ வந்தவங்க. பிழைக்க வந்தவருக்கு ஊர் மாறாது, வாழ வந்தவளுக்கு மாறிடும்" என்றேன்.

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. தலைவர் மேஜையைத் தட்டி அமைதிப்படுத்திவிட்டு, இதை ஒரு விதியாக எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். மணமான பெண்ணின் ஊர், கணவனின் ஊர். ஆண்களுக்கு அவர்கள் சொன்ன ஊர். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எல்லாப் பெண்களுக்குமா, விலக்கு ஏதாவது உண்டா என்றார். "விதின்னு ஒண்ணு வெச்சா எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. இவங்களுக்கு அவங்களுக்குன்னு விலக்கு குடுத்தா கணக்கு நிக்காது" என்றேன். பக்கத்தில் இருந்தவர் அதை வார்த்தைக்கு வார்த்தை எழுதினார்.

கிழக்கு வக்கீல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இன்னும் ஒன்றே ஒன்று என்றார். என் வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று கேட்டார். நானும் அக்காவும் என்றேன். அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றார். ஆகிவிட்டது. அவர் கணவர் எந்த ஊர்? கிழக்கு. சொல்லும்போதே கடைசி வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்திருந்த மரவாடிக்காரரைப் பார்த்துவிட்டேன். உடம்பு பெருத்திருந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"அப்போ உங்க அக்கா எந்த ஊரும்மா?" என்று கேட்டார் வக்கீல், ரொம்ப அன்பாக.

நீங்களே சொல்லுங்கள், நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இந்த ஊர் என்றால், விலக்கு இல்லை என்று சொன்ன வாயாலேயே விதியை உடைத்தவள் ஆவேன். பத்தொன்பது பேரும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள், நகரம் கிழக்காகிவிடும். நகரம் கிழக்கானால் அக்காவும் அதற்குள்தானே இருக்கிறாள்? கிழக்கு என்றால் நகரம் நமக்கு. அக்கா ஒருத்தி. இது எல்லைக் கோட்டுக்காகப் போடுகிற கணக்கு. இதை வைத்து யாரும் அவளைக் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. அப்படியே ஏதாவது வந்தாலும், ஒரு பெயரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றுவது எனக்கு ஒரு வேலையா? இவ்வளவும் மூச்சு விடுகிற நேரத்துக்குள் என் தலையில் ஓடிவிட்டது. எனக்கு மூளை வேகம்.

"கிழக்கு" என்றேன்.

மூன்றாவது வரிசையை நான் பார்க்கவில்லை. என் வக்கீலைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி மூச்சு விட்டார்.

தீர்ப்பு வந்தது. நகரம் மேற்குக்கு. பட்டறையில் சங்கு ஊதினார்கள். சந்தையில் என்னைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் வணக்கம் சொன்னார்கள். ஆபீசில், இனிமேல் 'சதவீதம்' இல்லை, 'நூறு சதவீதம்' என்றார்கள். வீட்டில் அக்கா எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். பேச்சைக் குறைத்திருந்தாள். ஜாக்கிரதையாகக் கேட்டேன், ஒண்ணும் இல்லை, சீருடை நிறைய வந்திருக்கு என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

தீர்ப்போடு ஓர் இணைப்பும் வந்தது. இரண்டு நாட்டிலும் குடிமக்களை எப்படிப் பதிவது என்பது அதில் இருந்தது. எல்லையை எந்த விதிப்படி வகுத்தோமோ அதே விதிப்படி ஆட்களையும் பதிவது என்று குழு முடிவு செய்திருந்தது. மணமான பெண் கணவனின் ஊரில் பதியப்படுவாள், விலக்கின்றி. அப்படிப் பதியப்பட்டவள் அடுத்த நாட்டில் தங்குவதென்றால் கணவனின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் மாதக் கடைசிக்குள் எல்லையைத் தாண்டிவிட வேண்டும். தாண்டாதவர்களைப் போலீஸ் கொண்டுபோய்க் கணவனிடம் ஒப்படைக்கும்.

நான் அசரவில்லை. பதிவு அலுவலகத்தில் எனக்குத் தெரியாத ஆள் கிடையாது. போனேன். எல்லாரும் எழுந்து நின்று நாற்காலி போட்டார்கள், பெயரை மாற்ற மட்டும் ஒருவர் கையும் நீளவில்லை. நீங்களே சொன்ன விதிதானே மேடம் என்றார்கள். என் வக்கீலிடம் போனேன். அவர் துறைமுக வழக்கில் மூழ்கியிருந்தார், பார்க்கலாம் என்றார். தலைவர் தங்கியிருந்த விடுதிக்கே போய் நின்றேன். அவர் என்னை உட்காரவைத்து, மரியாதையாகக் கேட்டு, விசாரணைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, நான் கூடத்தில் சொன்னதை எனக்கே படித்துக் காட்டினார். ஓர் எழுத்தும் மாறவில்லை. இவ்வளவு தெளிவாக யாரும் சாட்சி சொல்லிக் கேட்டதில்லை என்று பாராட்டினார். அவர் கேலி செய்யவில்லை. வெளியே வந்தபோது வராந்தாவில் பட்டறைக் காலனிப் பெண்கள் மூன்று நாலு பேர் மனுவோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் கிழக்கே கணவனை விட்டு வந்தவர்கள். இந்த நகரத்தில் இப்படி எத்தனை பேர் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அதை மட்டும் யாரும் எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அக்கா ஒரு தையல் மெஷினின் தலையைக் கழற்றிக் கோணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். கிழக்கே ஒரு மலையூரில் விடுதியோடு பள்ளிக்கூடம் இருக்கிறதாம். அங்கே தலைமையாசிரியையாக இருப்பவள் முன்பு இங்கே வேலை பார்த்தவள், அக்காவின் வாடிக்கைக்காரி. சீருடை தைக்க ஆள் வேண்டும், தங்க அறை தருகிறேன் என்று எழுதியிருக்கிறாள். மரவாடியிலிருந்து அது ரொம்ப தூரம்.

நான் கத்தினேன். அங்கே போனால் சட்டம் அவன் கையில், மனுப் போட்டால் எந்த மலையிலிருந்தாலும் இறக்கிவிடுவார்கள், கொஞ்சம் பொறு, நான் மேல்முறையீடு செய்கிறேன், கையெழுத்துக்கு அவன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றேன்.

"இங்க இருந்தா மாசக் கடைசியில போலீசே கொண்டுபோய் அவன் வாசல்ல விட்டுடும். நானாப் போனா, எங்க போறதுன்னாவது நான் முடிவு பண்ணலாம். அவன் மனுப் போடட்டும், நானும் பேசுறேன். வாய் உனக்கு மட்டும்தான் இருக்கா?" என்றாள் அக்கா. கோணியின் வாயைக் கட்டினாள். "உன்மேல எனக்குக் கோபம்டி. சீக்கிரம் தீராது."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. வேறு என்ன பதில் சொல்லியிருக்க முடியும், நீயே சொல் என்றேன். இங்கே என்றால் நகரம் போகும், அங்கே என்றால் நீ போவாய். இரண்டே பதில்தான் இருந்தது. மூன்றாவதாக ஒன்று இருந்தால் சொல், இப்போதே ஒப்புக்கொள்கிறேன் என்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"'அவளையே கேளுங்க'ன்னு சொல்லியிருக்கலாம். ஊரெல்லாம் வீடு வீடாப் போய்க் கேட்டவதானே நீ. நான் மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன்."

ஜெயித்திருக்குமா என்று அப்போதும் என் மூளை கணக்குப் போட ஆரம்பித்தது. ஜெயித்திருக்காது. அவள் எழுந்து நின்று எதைச் சொல்லியிருந்தாலும் விதி உடைந்திருக்கும், நகரம் போயிருக்கும். அதை வாயைத் திறந்து சொல்லவும் போனேன். என் நினைவில் முதல்முறையாக எனக்குப் பேச்சு வரவில்லை.

எல்லை என்பது ரயில் நிலையத்துக்கு அப்பால் சாலையின் குறுக்கே போட்ட ஒரு மூங்கில் கம்பம். பக்கத்தில் கூடாரம், மேஜை, முத்திரை. பெட்டியும் மூட்டையுமாக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மெஷின் மூட்டையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன், அக்கா கொடுக்கமாட்டேன் என்று இழுத்தும் நான் விடவில்லை. முறை வந்ததும் காவலர் கம்பத்தைத் தூக்கினார். மூட்டையை அந்தப் பக்கத்துக் கைவண்டியில் ஏற்றினார்கள். அக்கா என் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள். அவள் தைத்த கோட்டைத்தான் போட்டிருந்தேன்.

நம் வீடுகளில் கிளம்புகிறவர்கள் யாரும் போகிறேன் என்று சொல்லமாட்டார்கள். கடைக்குப் போனாலும் 'வரேன்', காலத்துக்கும் திரும்பாத இடத்துக்குப் போனாலும் 'போயிட்டு வரேன்'. அந்த ஒரு வார்த்தைக்காக நான் நின்றுகொண்டிருந்தேன்.

"போறேன்" என்றாள் அக்கா.